இளவறுப்புக் கடலை

முதலில் மன்னிப்பைக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து நன்றாக இருக்காது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுவதைத் தவிரப் பேனா பிடித்தது மிகவும் குறைவு. ல, ள, ழ மூன்றில் எது எங்கே வரும் என்று இன்றைக்கும் யோசித்துத்தான் போடுகிறேன். யோசித்தும் தப்பாகத்தான் விழுகிறது. வரிகள் வேறு, நேராகத் தொடங்கிப் போகப் போக மேட்டில் ஏறுகிற மாதிரி மேலே போய்விடுகின்றன. பொறுத்துக்கொண்டு படியுங்கள். சொல்லப்போவது பெரிய விஷயம் எதுவும் இல்லை. கடலை வறுத்த கதைதான்.

எங்கள் ஊர் சிவகாசியிலிருந்து ஏழாயிரம்பண்ணை போகிற வழியில், ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. சுற்றிலும் மானாவாரிக் காடு. காட்டுக்குள்ளே தள்ளித் தள்ளிக் கட்டின பட்டாசுக் கம்பெனி அறைகள். ஊரில் வீட்டுக்கு ஒருவராவது அங்கே வேலைக்குப் போகிறார்கள். என் மனைவியும் போகிறாள். நான் போகவில்லை. பத்துப் பேர் சேர்ந்து உட்கார்ந்து பேசிக்கொண்டே வேலை பார்க்கிற இடம் எனக்கு ஒத்துவராது. யாராவது முகத்துக்கு நேரே ஒரு கேள்வி கேட்டால் எனக்குப் பதில் நாளைக்குத்தான் வரும். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தால் பேச வேண்டியதில்லை. அதனால் கடலை வறுக்கிற தொழில் எனக்குப் பிடித்துப்போயிற்று.

விருதுநகர் மண்டியிலிருந்து நிலக்கடலைப் பருப்பு வாங்கி வருவேன். வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதில் அடுப்பு, பெரிய இரும்புச் சட்டி, சட்டியில் மணல். வேலிக்கருவேல விறகு. மணலைச் சூடாக்கி, அதில் கடலையைப் போட்டுக் கிண்டி, சல்லடையில் அள்ளிச் சலித்தால் மணல் கீழே இறங்கிவிடும். ஆறவைத்துத் தகர டின்னில் அடைத்துச் சாயங்காலம் முக்குரோட்டுக்குக் கொண்டுபோவேன். கம்பெனி வேன்கள் வந்து பெண்களை இறக்கிவிடுகிற இடம் அது. பொட்டலம் மடிப்பதற்குச் சிவகாசி அச்சாபீசுகளில் வீணாய்ப்போன லேபிள் தாள் கிடைக்கும். ஒரு பொட்டலத்தில் பாதிச் சிங்கம் இருக்கும், இன்னொன்றில் வால் இல்லாத மயில் இருக்கும்.

வேறு ஊர்களில் கடலைக்காரர்கள் தள்ளுவண்டியிலேயே அடுப்பு வைத்து, சட்டியைக் கரண்டியால் தட்டித் தட்டிச் சுடச்சுட விற்பார்கள். எங்கள் பக்கம் அது ஆகாது. கம்பெனி வேன் நிற்கிற இடத்தில் யாரும் நெருப்பை வைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. வேனில் இருந்து இறங்குகிறவர்களின் சேலையிலும் தலையிலும் ஒட்டியிருப்பது என்னவென்று எல்லோருக்கும் தெரியும். டீக்கடை பாய்கூட அடுப்பை ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், கடைக்கு உள்ளே தள்ளித்தான் வைத்திருந்தார். டீயைக் கெட்டிலில் ஊற்றி அவரே எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி வருவார். என் கடலையும் அப்படித்தான், வீட்டிலேயே வறுபட்டு, ஆறிப்போய் வரும்.

ஆறின கடலைக்கு வாசம் குறைவு. நாள் முழுக்கக் கந்தக வாடையில் இருந்துவிட்டு வருகிறவர்களுக்கு லேசான வாசம் மூக்கில் ஏறாது. "கருக்கலா இருந்தாக் குடுங்கண்ணே" என்றுதான் கேட்பார்கள். இன்னொரு நம்பிக்கையும் இருந்தது. கடலை பித்தம், நன்றாகக் கருக வறுத்தால்தான் அந்தப் பித்தம் முறியும் என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். நானும் அதைத்தான் நம்பினேன். தோல் கருத்து, பருப்பு காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்த பிறகே இறக்குவேன். கருக்கல் கடலை என்றால் அந்த முக்குரோட்டில் நான்தான்.

நான்கைந்து வருஷத்துக்கு முன்னால், ஓர் ஆனி மாதம், மகளுக்கு வளைகாப்பு முடித்துத் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்குக் கூட்டி வந்தோம். மாப்பிள்ளை திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறவர். மகள் வந்தபோது முகம் வெளுத்துக் கிடந்தது. இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்கினாள். ஊரிலேயே இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றானபோதுதான் எனக்கு வினை வந்தது.

"நீங்கதான் கூட்டிட்டுப் போகணும்" என்றாள் என் மனைவி.

"நானா? அங்கன பூராம் பொம்பளைகளாவுல உக்காந்திருப்பாக."

"பொம்பளைக உக்காராம, பிள்ளை பெற ஆம்பளைகளா வந்து உக்காருவாக? கம்பெனில ஆர்டர் குமிஞ்சு கெடக்கு. தீவாளிக்கு லோடு ஏத்துற வரைக்கும் ஒருத்தருக்கும் லீவு கெடையாதுன்னுட்டாக. போயிட்டு வாங்க, ஒங்கள யாரும் கடிச்சுற மாட்டாக."

போனேன். சைக்கிள் நிறுத்துகிற இடத்திலேயே நின்றுகொண்டேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது. "கூட வந்தது யாரு? அந்தக் கம்பத்துக்குப் பின்னாடி ஒளியிறவரா? உள்ள வாங்கண்ணே."

கூப்பிட்டது நர்சம்மா. எங்கள் ஊரில் பாதிப் பிள்ளைகள் அவர் கையில் பிறந்தவை. குரல் பெரிது, சிரிப்பு அதைவிடப் பெரிது. மகளின் விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை உறிஞ்சி, சின்னக் கண்ணாடிக் குழாயில் விட்டார். குழாயில் ஏதோ மருந்து இருந்தது. சிவப்பு ரத்தம் கொஞ்ச நேரத்தில் பழுப்பாக மாறியது. பக்கத்தில் பழுப்புக் கண்ணாடித் துண்டு ஒன்று வைத்திருந்தார்கள். குழாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, இரண்டு நிறமும் ஒன்றாகிறதா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நிறம் பார்த்து இறக்குவது என் வேலையும்தான் என்பதால் நான் கூச்சத்தை மறந்து எட்டிப் பார்த்தேன். நாலு சொட்டுத் தண்ணீரிலேயே மங்கிப்போய்விட்ட மாதிரி இருந்தது.

"ரத்தம் எட்டுதான் இருக்கு. இப்படியே போனா நான் இங்கன வச்சுப் பிரசவம் பாக்க மாட்டேன். மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிருவேன். பத்துக்கு மேல ஏத்திட்டு வந்தீகன்னா, நம்ம ஊருலயே பெத்துக்கிறலாம்" என்று சொல்லி மாத்திரைகளைக் கொடுத்தார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது மகள் கோயில் திருப்பத்தில் நின்று அழுதாள். "மதுரைக்குன்னா அம்மா வர முடியாதேப்பா" என்றாள்.

அவள் அழுததற்குக் காரணம் இருந்தது. பிள்ளை பிறக்கப்போவது புரட்டாசியில். தீபாவளிக்கு முந்தின அந்த நாட்களில் கம்பெனி தலைகால் தெரியாமல் ஓடும். எங்கள் ஊர் என்றால் பக்கத்துக் கம்பெனியிலிருந்து அம்மா ஓடி வந்துவிடுவாள்; ராத்திரி வந்து படுத்துக்கொள்வாள். மதுரை என்றால் போவது நான்தான். பிரசவ வார்டுக்கு வெளியே நான் நிற்பேன். உள்ளே அவள் தனியாகக் கிடப்பாள். நர்சு எதைக் கேட்டாலும் தலையைக் குனிந்துகொள்கிற அப்பாவை வைத்துக்கொண்டு முதல் பிள்ளையைப் பெறுவது என்றால் யாருக்குத்தான் அழுகை வராது? எனக்கே வந்தது.

ராத்திரி மனைவி யோசித்து ஒரு முடிவு சொன்னாள். "பித்தந்தான் இதுக்கெல்லாம் காரணம். அதான் ரத்தம் ஊற மாட்டேங்குது. அவளுக்குக் குடுக்குற கடலைய இன்னுங் கொஞ்சம் கருக்கி வறுங்க."

வறுத்தேன். மகளுக்கும் அது பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்று சாதாரணமாகச் சொல்லக் கூடாது, அதற்காகவே காத்துக்கிடந்தாள். காலையில் நான் அடுப்பு மூட்டினால் கொட்டகை வாசலில் மணைப்பலகையைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். "யப்பா, அந்தக் கரிஞ்சத எனக்கு எடுத்து வையிப்பா" என்பாள். சல்லடையில் தங்குகிற கருகின பருப்பு, கருகின தோல் எல்லாவற்றையும் தனியாக ஒரு கிண்ணத்தில் எடுத்துவைப்பேன். மசக்கை ஆசையைத் தீர்த்துவைக்கிறோம் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

ஒருநாள் காலையில் நர்சம்மா வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் எங்கள் கொட்டகைக்கும் வந்தார். மகளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னத்தா இது, வாயெல்லாம்? மையத் தின்னியா?"

"கடலை, நர்சம்மா."

"கடலையா, கரியா? கையக் காட்டு. ஏ ஆத்தா! அடுப்புக்குள்ள இருந்தா வாரி எடுத்துத் திங்குற?"

மகள் சிரித்துவிட்டாள். நான் திரும்பாமல் மணலைக் கிண்டிக்கொண்டிருந்தேன். நர்சம்மா என் முதுகைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். அது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

"அண்ணே, ரத்தம் கொறஞ்ச உடம்பு இப்படித்தான் கண்டதையும் தேடும். சாம்பலத் தேடும், சாக்பீசத் தேடும், பச்சரிசியத் தேடும். ஒங்க வீட்டுல கரி கெடைக்குது, அதத் தேடுது. இது ஆசையில்ல, கொற."

நான் கிண்டுவதை நிறுத்திவிட்டேன்.

"கடலை திங்கட்டும், நல்லதுதான். வறுத்துத் திங்குறதும் நல்லதுதான். வறுத்தா வாசம் வரும், மெல்ல லேசா இருக்கும், வயிறும் செரிச்சுக்கிரும். ஆனா நீங்க வறுக்கல, கொளுத்துறீக. சூடு தாங்காத சத்துன்னு ஒண்ணு ரெண்டு இருக்கு. சட்டி காயக் காய அது போய்க்கிட்டே இருக்கும். கருகிப்போனா அதுல இருக்குற எண்ணெயுங் கெட்டுப்போகும். அம்புட்டையும் போக்கிட்டு இந்தப் பிள்ளைக்கு என்னத்தக் குடுக்கீக?"

எனக்கு ஒரு கேள்வி இருந்தது. நெருப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டேன். "அப்ப, அதுல இருக்குற இரும்பும் எரிஞ்சு போயிருமா?"

நர்சம்மா சிரித்த சிரிப்பில் வேலியில் இருந்த கோழி இறங்கி ஓடியது. "ஒங்க சட்டி இரும்புதான? எம்புட்டு வருஷமா அடுப்புல கெடக்கு, எரிஞ்சா போச்சு? இரும்பு எங்கயும் போகாதுண்ணே. ஆனா கசக்குற கடலைய இவ எம்புட்டுத் திம்பா? ருசியா இருந்தா ஒரு பிடி திம்பா. ஒரு பிடி தின்னாத்தான ஒடம்புல ஏதாச்சும் சேரும்? பொன் நெறத்துல எறக்குங்க. இன்னொண்ணு, பூசணம் பூத்த பருப்ப வறுத்தாச் சரியாப் போகும்னு நெனச்சுறாதீக. அந்த நஞ்சு அடுப்புலயும் போகாது; பொறுக்கி வெளிய போட்டுருங்க. கடைசியா ஒண்ணு சொல்லுறேன், கடலை மட்டும் ரத்தத்தத் தூக்கிராது. மாத்திரைய விட்டுறாத தாயி."

போகும்போது கறுப்பு எள்ளையும் லேசாக வறுத்து வெல்லத்தோடு கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் அதைச் சொன்னதும் மனைவி காதைப் பொத்திக்கொண்டாள். "மாசமா இருக்கிறவளுக்கு எள்ளா? சூடு! நர்சம்மாகிட்டப் போய்ச் சொல்லுங்க, வேற எதாச்சும் கேளுங்க." நான் எங்கே போய்க் கேட்பேன்? மகள்தான் போய்க் கேட்டாள். "ஒங்க அம்மாவுக்கு எள்ளு பயம்னா விட்டுறு. முருங்கைக்கீரை எதுக்கும் பயப்படாது" என்று பதில் வந்தது. அன்றிலிருந்து மனைவி வேனுக்குப் போவதற்குள் முருங்கைக்கீரையை வதக்கி, வறுத்த கடலையை ஒன்றிரண்டாகத் தட்டி மேலே தூவி மூடிவைத்துவிட்டுத்தான் போவாள்.

கடலையைப் பொன் நிறத்தில் இறக்குவது சுலபம் என்று நினைத்திருந்தேன். கருக்கி வறுக்கிறவனுக்கு எல்லையே கிடையாது. கொஞ்சம் கூடினாலும் கருக்கல்தான், இன்னும் கொஞ்சம் கூடினாலும் கருக்கல்தான். இளவறுப்புக்கு மட்டும்தான் தப்பு உண்டு. ஒரு தடவை சட்டியில் போடுவதை ஓர் ஈடு என்போம்; முதல் ஈட்டைச் சீக்கிரம் இறக்கினேன். மகள் ஒன்றை வாயில் போட்டு, "பச்ச வாடைப்பா" என்று துப்பினாள். அடுத்த ஈட்டில் தீயைக் கூட்டினேன். வெளியே சிவந்து உள்ளே வெள்ளையாக இருந்தது. அப்புறம் சரியான நிறத்தில் இறக்கிவைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், ஆறுவதற்குள் கறுத்திருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அடுப்பிலிருந்து எடுத்தாலும் கடலை தன் சூட்டிலேயே வறுபட்டுக்கொண்டிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. காலமெல்லாம் கறுப்பாகவே வறுத்தவனுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கறுத்தது மேலும் கறுத்தால் யாருக்குத் தெரியும்?

பிறகு தீயைக் குறைத்தேன். விறகை வெளியே இழுத்துவிட்டு, கங்கின் சூட்டிலேயே பொறுமையாகக் கிண்டினேன். பருப்பு படபடவென்று வெடிக்கிற சத்தம் குறைய ஆரம்பிக்கும்போது, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கை கேட்கும். அப்போது எடுத்துவிட வேண்டும். மணலை உடனே சலித்துத் தள்ளிவிட்டு, கடலையை விரித்த சாக்கில் பரப்பிவிட வேண்டும். பரப்பினேன். ஆறினதும் ஒன்றை நசுக்கினேன். தோல் உதிர்ந்து, உள்ளே மாலை வெயில் நிறத்தில் இருந்தது. மகள் ஒரு பிடி தின்றாள். இன்னொரு பிடிக்குக் கை நீட்டினாள்.

"பால் கணக்கா இருக்குப்பா" என்றாள்.

அதே கடலையை முக்குரோட்டுக்கும் கொண்டுபோனேன். வேனில் இருந்து இறங்கினவர்களில் வாய்த்துடுக்கான அக்கா ஒருத்தி உண்டு. பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தாள். "என்னண்ணே, ஊருல வெறகு தட்டுப்பாடா? கடலைய வெயில்ல காயவச்சுக் கொண்டாந்துட்டீகளா?"

இன்னொருத்தி சேர்ந்துகொண்டாள். "மகளுக்கு மசக்க வந்த கையோட கடலைக்கும் வந்துருச்சு போல. வெளுத்துப் போயிருக்கு."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. மறுநாளிலிருந்து இரண்டு டின் கொண்டுபோனேன். ஒன்று அவர்களுக்கு, ஒன்று என் மகளுக்கு. சாயங்காலத்தில் கொஞ்சம் நடந்தால் நல்லது என்று நர்சம்மா சொல்லியிருந்ததால் மகள் என்னோடு முக்குரோட்டுக்கு வருவாள். டின்னுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இளவறுப்பைக் கொறித்துக்கொண்டிருப்பாள். பாய் அவளுக்கென்று இஞ்சி தட்டிப்போட்டு டீ கொண்டுவந்து கொடுப்பார். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

ஆடிக் கடைசியில் மறுபடி ரத்தம் பார்த்தார்கள். குழாயை ஜன்னலில் பிடித்த நர்சம்மா அன்றைக்குச் சிரிக்கவில்லை. "நகரவே இல்லையே" என்றார். மகள் என்னைப் பார்த்தாள். புரட்டாசி பக்கத்தில் வந்துவிட்டது.

"மாத்திர போடுறியா, இல்ல தலகாணிக்கு அடியில ஒளிக்கிறியா? உண்மையச் சொல்லு."

"தெனமும் போடுறேன். எங்கப்பாகிட்ட வேணா கேளுங்க."

நான் தலையை ஆட்டினேன். போடுகிறாள் என்பது எனக்குத் தெரியும்; என் முன்னால்தான் போடுவாள்.

"எதுல முழுங்குற?"

"டீல. தண்ணில முழுங்குனா கொமட்டுது. பாய் மாமா இஞ்சி டீ கொண்டாருவாக, அதுல முழுங்கிருவேன்."

"கடலை?"

"அதுவும் டீயோடதான். கடலைன்னா டீ இல்லாமயா?"

நர்சம்மா தலையில் கையை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "போச்சு போ. தேயிலை இரும்பப் பிடிச்சு வச்சுக்கிரும், ஒடம்புல சேர விடாது. ஒங்கப்பா பாத்துப் பாத்து வறுக்காரு, கவர்மெண்டு மாத்திர குடுக்குது. நீ எல்லாத்தையும் அந்த டீக்குத் தின்னக் குடுத்துட்டு வந்து நிக்க!"

பிறகு நிதானமாகச் சொன்னார். டீ வேண்டுமென்றால் கடலைக்கும் மாத்திரைக்கும் நன்றாகத் தள்ளி, வேறொரு வேளையில் குடிக்கட்டும். கடலையோடு எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா என்று ஏதாவது சேர்த்துக்கொண்டால் இரும்பு உடம்பில் ஒட்டும்.

முக்குரோட்டில் கடலையும் டீயும் புருஷன் பெண்டாட்டி மாதிரி. ஒன்றை வாங்கினால் இன்னொன்றையும் வாங்குவார்கள். பாய்க்கும் எனக்கும் பழக்கமே அப்படித்தான் உண்டானது. இனி டீ வேண்டாம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அன்று சாயங்காலம் அவர் கெட்டிலோடு ரோட்டைத் தாண்டி வருவதைப் பார்த்ததும் டின்னின் மூடியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"இந்தாத்தா, இன்னைக்கு இஞ்சி தூக்கலா இருக்கு" என்றார் பாய்.

"வேண்டாம் மாமா. ஒங்க டீ என் கடலையத் திங்குதாம்."

"என் டீயா? என் டீ யாரு வம்புக்கும் போகாதே. அண்ணாச்சி, என்ன சொல்லுறா ஒங்க மக?"

நான் இன்னும் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மகளே நர்சம்மா சொன்னதை அவர் குரலிலேயே, கையை நெற்றியில் வைத்து நடித்துக் காட்டினாள். வேனில் இருந்து இறங்கின பெண்கள் எல்லோரும் சுற்றி நின்று கேட்டார்கள். வாய்த்துடுக்கு அக்கா மட்டும் கையில் இருந்த டீயைப் பார்த்தாள், கடலையைப் பார்த்தாள். "அதான் எனக்கும் ரத்தம் பத்தலன்னு சொல்லிக்கிட்டே இருக்காகளோ?" என்றாள். வேறு இரண்டு பேரும் அதையே சொன்னார்கள்.

"நல்லாருக்குத்தா! என் கடைய மூடுறதுக்குன்னே திருப்பூருல இருந்து வந்தியாக்கும்" என்று சொல்லிவிட்டு பாய் கெட்டிலோடு திரும்பிப் போனார். எனக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் அவர் அதே கெட்டிலோடு வந்தார். மகள் கையில் ஒரு தம்ளரைக் கொடுத்து ஊற்றினார். எலுமிச்சம்பழச் சர்பத்.

"குடி. என் டீயால ஒன் பிள்ளை மதுரையில போய்ப் பொறந்துச்சுன்னு எனக்குப் பேரு வர வேண்டாம். இதுவும் ஒங்க நர்சம்மாவுக்கு ஆகாதுன்னா, இனி வெந்நியத்தான் விக்கணும்."

அந்த சீசனில் எங்கள் முக்குரோட்டில் சர்பத் ஓடின ஓட்டத்தைப் பார்க்க வேண்டும். டீயும் நிற்கவில்லை, வேனுக்குக் காத்திருக்கிற காலையில் டீ, இறங்குகிற சாயங்காலத்தில் சர்பத் என்று பாய் பிரித்துக்கொண்டார். என் இரண்டு டின்னில் மகளுக்கான டின் முதலில் காலியாக ஆரம்பித்தது. "அந்த வெளுத்த கடலையக் குடுங்கண்ணே" என்று வாய்த்துடுக்கு அக்காவே கேட்டாள். என் மனைவியும் தன் தூக்குவாளியில் ஒரு பிடி போட்டு எடுத்துக்கொண்டு போனாள், பித்தத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல். ஆனைக்குட்டம் பக்கம் போகிறவர்கள் யாரைப் பார்த்தாலும் கொய்யாப்பழம் வாங்கிவரச் சொன்னேன். நானாக வாய் திறந்து ஊராரிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஆவணி முடிகிற சமயம் மூன்றாவது முறையாகக் குழாயை ஜன்னலில் பிடித்தார்கள். இந்தத் தடவை நான் உள்ளேயே நின்றேன். நர்சம்மா தண்ணீர் விட்டார். பழுப்பு நிறம் அசையவில்லை. இன்னும் விட்டார். இன்னும் கெட்டியாக இருந்தது. மகள் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். கடைசியில் இரண்டு நிறமும் ஒன்றாகின.

"பத்தரை இருக்கு" என்றார். "இங்கனயே பெத்துக்கத்தா."

மகள் அங்கேயே அழுதாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்கள் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள். ராத்திரி மனைவியிடம் சொன்னேன். சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு வந்து, "ஒங்களுக்கு வாயி இல்லாட்டியும் கை இருக்கு" என்றாள். அவளிடமிருந்து அது பெரிய வார்த்தை.

புரட்டாசியில் ஒரு மத்தியான வேளை. அடுப்பில் ஈடு போட்டிருந்தேன். மகளுக்கு வலி எடுத்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் அவளைக் கூட்டிக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போக, நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு மனைவியின் கம்பெனிக்குப் பறந்தேன். கேட்டில் வாட்ச்மேன் வழக்கம்போல என்னைத் தடவிப் பார்த்தார். இடுப்பில் கை வைத்தவர் அப்படியே பின்னால் போனார்.

"ஏலே, தீப்பெட்டியோடயா வந்து நிக்க!"

அடுப்படியில் இருந்து அப்படியே ஓடி வந்ததில் இடுப்பில் செருகின தீப்பெட்டி எனக்கு நினைவே இல்லை. எங்கள் ஊரில் பிறந்த குழந்தைகூடச் செய்யாத காரியம். வாங்கிப்போய்த் தூரத்தில் வாய்க்காலில் முக்கிவிட்டு வந்து கேட்டார். "யாரப் பாக்கணும்?"

"வீட்டுக்காரிய."

"பேரு?"

அத்தனை பேர் பார்க்கிறார்கள். மனைவியின் பேர் எனக்கு வாயில் வரவில்லை. "கடலைக்காரர் சம்சாரம்னு சொன்னாப் போதும்" என்றேன். வாட்ச்மேன் உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார். அங்கிருந்து ஒவ்வோர் அறையாக அந்தச் சத்தம் போனது. கடைசியில் அவள் ஓடி வந்தாள். கூடவே, "போங்கக்கா, மேஸ்திரிகிட்ட நாங்க சொல்லிக்கிறோம்" என்று இரண்டு மூன்று குரல்களும் வந்தன. சைக்கிளின் பின்னால் ஏறிக்கொண்டாள். நிலையத்துக்கு வந்து, கைகால் முழுக்கச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உள்ளே போனாள். மகள் "அம்மா" என்று கூப்பிடுவது வெளியில் எனக்குக் கேட்டது. அதற்குப் பதில் சொல்கிற குரலும் கேட்டது. அந்த இரண்டு சத்தத்துக்கு நடுவில்தான் எனக்கு மூச்சு சீராக வந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. நர்சம்மா துணியில் சுற்றிக்கொண்டு வந்து என் கையில் வைத்தார்.

"தாயும் பிள்ளையும் நல்லாருக்காக. அண்ணே, புதன்கிழமை மாசமா இருக்கிறவகளுக்கெல்லாம் இங்கன கூட்டம் போடுறோம். நீங்க வந்து எப்படி வறுக்கணும்னு பேசணும். நான் சொன்னாப் பாடம் மாதிரி இருக்கு. நீங்க சொன்னாக் கேப்பாக."

பிள்ளை கையில் இருந்ததால் ஓடவும் முடியவில்லை. "எழுதித் தாரேன் நர்சம்மா" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வழியில் எங்கே பார்த்தாலும், "எழுதியாச்சாண்ணே?" என்பார். "எழுதிக்கிட்டே இருக்கேன்" என்பேன். அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போது அவருக்கு விருதுநகர் பக்கம் மாற்றல் வந்திருக்கிறது. முந்தாநாள் முக்குரோட்டுக்கே வந்து, "போறதுக்குள்ள குடுத்துருங்க, இல்லன்னா ஒங்களையும் கூட்டிட்டுப் போயிருவேன்" என்று சிரித்தார். பாயும் சேர்ந்து சிரித்தார். அதனால் இன்றைக்கு அடுப்பை மூட்டாமல், கொட்டகையில் உட்கார்ந்து காலையிலிருந்து எழுதினேன்.

2009, ஆவணி மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை.